நாய்க்குட்டிக்கு என்ன பெயர்?



ரொமி, ஜிம்மி, சீசர், ரைகர். எங்கள் ஊர்களில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இவற்றில் ஒரு பெயரையாவது கேட்கலாம். இவற்றை விட்டால் நிறத்தைப் பார்த்துக் கறுவல், வெள்ளையன், புள்ளி என்று வைத்துவிடுவோம். பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சாத்திரியாரிடம் போய் நட்சத்திரத்துக்குரிய எழுத்தைக் கேட்கும் நாம், நாய்க்கு வாயில் வந்ததை வைப்பதுதான் வழமை.

ஆனால் அந்தப் பெயர்களுக்கும் பொருளுண்டு. ரொமி என்பது தோமஸ் என்பதன் செல்லச் சுருக்கம். இயேசுவின் சீடரான புனித தோமையாரின் பெயர்தான் அது. அரமேய மொழியில் 'இரட்டையரில் ஒருவர்' என்று பொருள்படும். பிரித்தானியப் படைவீரனுக்கும் ரொமி என்றே பட்டப்பெயர் இருந்தது. ஜிம்மி, ஜேம்ஸ் என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் விவிலியத்து யாக்கோபு. சீசர், உரோமப் பேரரசர்களின் பட்டம். வெள்ளைக்காரரின் பெயரை நாய்க்கு வைத்தால் ஊரில் எவரும் மனம் நோகமாட்டார்கள் என்பதும் இப்பெயர்கள் பரவியதற்கு ஒரு காரணமென நான் நினைக்கின்றேன். அயலவரின் பெயரை நாய்க்கு வைத்து வேலிச் சண்டை நடத்தியவர்களை நாம் அறிவோம் அல்லவா? (மன்னாரிலே தோமஸ் மாஸ்ரர்மார் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். அது வேறு கதை.)

ரைகருக்கு நேர்ந்ததோ தனிக்கதை. யுத்த காலத்தில் இராணுவம் ரோந்து போகையில் படலையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட எவருக்குத் துணிவு வரும்? எங்கள் ஒழுங்கையில் ஒரு ரைகர் ஒரே இரவில் ரொனி ஆனது. வளர்ந்த நாய், புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா பெயர் சொல்லாமலே சோற்றுக் கோப்பையைத் தட்டிக் கூப்பிடப் பழகிக்கொண்டார்.

கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செனோபொன் என்ற கிரேக்கர், வேட்டை பற்றிய நூலில், கூப்பிட இலகுவாக நாய்க்குச் சிறிய பெயரை வையுங்கள் என்று சொல்லி 47 பெயர்களையும் கொடுத்திருக்கின்றார். உயிர், காவலன், இளமை, மகிழ்ச்சி என்ற பொருள்களைத் தரும் பெயர்கள் அவற்றுள் இருக்கின்றன. சிறிய பெயர் என்ற அறிவுரை இன்றைக்கும் பொருந்தும். இரண்டு, மூன்று எழுத்துகள் போதும். வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் போல ஒலிக்கக்கூடாது. சோறு வைக்கும்போது பெயரைச் சொல்லுங்கள், ஏசும்போது சொல்லாதீர்கள். பெயரைக் கேட்டாலே ஒளித்துக்கொள்ளும் நாய்களை நான் பல வீடுகளில் கண்டிருக்கின்றேன்.

தனித்து வாழும் பெண்களுக்குப் பெயர் இன்னொரு விதத்திலும் உதவுகின்றது. வவுனியாவில் எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், கணவரை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளுடன் இருப்பவர், தன் நாய்க்கு ஆண்பிள்ளையின் பெயரையே வைத்திருக்கின்றார். இரவில் வேலிக்கரையில் சரசரப்புக் கேட்டால் "எழும்பி ஆரெண்டு பார்" என்று அந்தப் பெயரைச் சொல்லிச் சத்தம் வைப்பார். வெளியில் நிற்பவனுக்கு உள்ளே ஒரு ஆள் இருப்பதாகத்தான் கேட்கும். இப்படியொரு ஏற்பாடு அவருக்குத் தேவைப்படுகின்றதே என்று எனக்குக் கோபம் வருவதுண்டு. அவர் சிரிக்கின்றார்.

காவலுக்கு வைக்கும் பெயரைப் போலவே காத்திருப்புக்கு வைக்கும் பெயரும் இருக்கின்றது. ஃபீடோ என்பது மேற்குநாடுகளில் பழகிய நாய்ப்பெயர். இலத்தீனில் 'நம்புகின்றேன்' என்று பொருள். இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்துக்கு அண்மையில் அப்பெயருடைய நாயொன்று, வேலை முடிந்து வரும் எசமானை ஒவ்வொரு மாலையும் பஸ் தரிப்பிடத்தில் எதிர்பார்த்து நிற்கும். 1943 டிசம்பர் 30 அன்று குண்டுவீச்சில் அவர் கொல்லப்பட்டார். 1958 இல் தான் சாகும்வரை, 14 வருடங்களுக்கு மேலாக, அது அங்கு போய்க்கொண்டேயிருந்தது. அது உயிரோடு இருக்கும்போதே அதற்குச் சிலை வைத்தார்கள்.

இந்தக் கதையை முல்லைத்தீவுக் கிராமம் ஒன்றில் சொல்ல நேர்ந்தது. பெண்கள் குழுக் கூட்டம் முடிந்திருந்தது. அம்மா ஒருவர், 2009 இல் காணாமலாக்கப்பட்ட தன் மகனின் பெயரைப் புதிதாக வந்த நாய்க்குட்டிக்கு வைக்கப் போவதாகச் சொன்னார். மகள் மறுத்தாள். "அண்ணா வந்து நிக்கேக்க ரெண்டு பேரையும் ஒரே பேரில கூப்பிடுவீங்களோ?"

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வேற ஆரும் இல்லைப் பிள்ளை" என்றார் தாய், என்னைப் பார்த்து.

நான் மகளின் பக்கம்தான். அந்தப் பெயர் பதிவேடுகளிலும் போராட்டப் பந்தலின் பதாகைகளிலும் இருக்கின்ற பெயர். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. நாய்க்குக் கொடுத்தால் ஊரவர் நாயைத்தான் நினைப்பார்கள். ஆயினும் தாய் கேட்டது அந்தப் பெயரை உரத்துச் சொல்வதற்கு ஒரு காரணம். அதை நாம் தட்டிவிட முடியாது. ஆகவே, பெயரை விட்டுவிட்டு அதன் பொருளை எடுத்தால் என்ன என்று கேட்டேன். மகனின் பெயர் சந்திரனைக் குறிக்கும் பெயர்களில் ஒன்று. குட்டியோ பெட்டை. பெட்டை வேண்டாம், குட்டி போடும், கொண்டுபோய் விடு என்று அயலில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கலாமே என்று அதையும் பேசி முடித்தோம்.

"நிலா" என்றாள் மகள்.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தின் பின் எழுந்து வாசலுக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமரத்தின் கீழ் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த குட்டி திரும்பவில்லை.

"ஒரு கிழமையில பழகீரும் அம்மா" என்றாள் மகள்.