தோட்டத்துப் பெரியவர்களின் மறதிக்கு மின்சாரம் மருந்தா?

மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் மறந்தது திரும்பி வரும் என்ற செய்தி கைப்பேசி வழியே வீடு வீடாக வருகிறது. கூடவே தலையில் மாட்டும் பட்டைக்கு விளம்பரமும் வருகிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் சாப்பிட்டோமா இல்லையா என்று தடுமாறும்போது, ஒன்று வாங்கிப் பார்ப்போமே என்று பிள்ளைகள் நினைப்பது இயல்புதான்.

செய்தியில் உண்மை இல்லாமல் இல்லை. மாண்ட்ரியலில் வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையிலேயே அறுவை செய்த வைல்டர் பென்ஃபீல்டு, காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியை மின்முனையால் தொட்டபோது சிலருக்குப் பழைய பாட்டும் தெரிந்தவர்களின் குரலும் கேட்டன. டொராண்டோவிலிருந்து 2008இல் வெளிவந்த செய்தி இன்னும் விசித்திரம். உடல் பருமனைக் குறைக்க ஒருவரின் மூளை ஆழத்தில் ஆண்ட்ரஸ் லொசானோ குழு மின்முனை வைத்தது. மின்சாரம் பாய்ந்ததும், இருபது வயதில் நண்பர்களோடு பூங்காவில் இருந்த காட்சி அவர் கண்முன் வந்தது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்டக் காட்சி தெளிந்தது.

அந்த வியப்பிலிருந்து ஆல்சைமர் என்ற மறதி நோய்க்கான சோதனை பிறந்தது. 42 நோயாளிகளுக்கு மின்முனை வைத்துவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 65 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு நிலைமை மோசமாகியிருக்கலாம் என்றே தோன்றியது.

மற்ற ஆய்வுகளும் இப்படித்தான் இழுபறி. 2012இல் ஏழு பேரிடம் மூளையின் ஓரிடத்தைத் தூண்டியபோது நினைவு கூடியது. 2016இல் 49 பேரிடம் ஏறக்குறைய அதே இடத்தைத் தூண்டியபோது குறைந்தது. மூளை தடுமாறும் நொடியைக் கணினியால் கண்டுபிடித்து அப்போது மட்டும் தூண்டினால் சொற்களை நினைவுகூர்வது சுமார் 15 சதவிகிதம் கூடுகிறது என்று 2018இல் மைக்கேல் கஹானா குழு காட்டியது. ஆக, எங்கே, எப்போது என்பது தெரியாமல் தூண்டுவது வீண்வேலை, சில சமயம் கெடுதல். 2022இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் 65 முதல் 88 வயது வரையிலான 150 பேருக்குத் தலைக்கு வெளியிலிருந்தே, தினம் 20 நிமிடமாக நான்கு நாள் தூண்டியது. நினைவு கூடிய பலன் ஒரு மாதம் நீடித்தது. ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மலேசியாவின் 2018 தேசிய சுகாதார ஆய்வின்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 சதவிகிதத்தினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் இது அதிகம். உலகளவில் 45 சதவிகித மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு 14 காரணங்களை அடுக்கியது. படிப்பின்மை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், தனிமை எல்லாம் அதில் உண்டு. தோட்டத்து ஆட்களின் வாழ்க்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருக்கிறது! தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள், ஆலை இரைச்சலில் காதைத் தொலைத்த ஆண்கள். தோட்டம் கைமாறி லயம் இடிந்த பிறகு அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் ஒண்டியாக இருக்கிறார்கள்.

மறதி நோயைக் கண்டறியும் சோதனையிலும் ஒரு சிக்கல். தேதி என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று கேட்டால், பேனா பிடிக்காத பாட்டி தோற்கத்தான் செய்வார். அதற்குப் பெயர் மறதியா? எழுத்தறியாதவர்களைத் தவறாக நோயாளி ஆக்காத சோதனை முறையை 10/66 என்ற ஆய்வுக் குழு உருவாக்கி, சென்னையிலும் வேலூரிலும் தமிழ் முதியவர்களிடமே பயன்படுத்தியிருக்கிறது. நெகிரி செம்பிலான் அரசாங்க கிளினிக்குகளிலும் தமிழில் அப்படியொரு சோதனை கிடைக்க வேண்டும். மாநிலத்து இந்தியப் பிரதிநிதிகள் கோயில் மானியத்தோடு இதையும் கேட்டு வாங்கலாம்.

காது விஷயத்தில் கொஞ்சம் நம்பிக்கையும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடந்த ஆய்வில், காதுக் கருவி எல்லோருக்கும் உதவிவிடவில்லை. ஆனால் மறதி அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் மூன்றாண்டில் சிந்தனைத் திறனின் சரிவு 48 சதவிகிதம் மட்டுப்பட்டது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், இந்த மாதமே அம்மாவையோ தாத்தாவையோ கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் கொதிப்பு, சர்க்கரை, காது மூன்றையும் பார்த்துவிடுங்கள். பட்டை வாங்க எடுத்துவைத்த பணம் காதுக் கருவிக்கு ஆகட்டும்.