முதல் சோதனை யாருக்கு?

"விசேஷம் ஏதும் உண்டாம்மா?" குத்தாலத்தில் எங்கள் தெருவில் இந்தக் கேள்வி என் மனைவியிடம் மட்டும்தான் வரும். கல்யாணமாகி நாலு வருஷம். என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

வங்கியில் நகைக்கடன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறேன். எதற்குக் கடன் என்றால், "குழந்தை வைத்தியத்துக்கு சார்" என்று நாத்து நட்ட கை தோட்டைக் கழற்றி நீட்டுகிறது. கூட வந்த ஆம்பளை வாசலில் நிற்கிறான்.

திருக்கருகாவூர் நெய் வாங்கிவரச் சொன்னது அம்மா. வேண்டாம், வைத்தியமும் வேண்டாம், இயற்கையாய் நடக்கட்டும் என்றேன். காத்திருப்பதிலும் கணக்கு உண்டு. கரு தங்குவது சினைமுட்டை வெளிவரும் நாளிலும் அதற்கு முந்தைய ஐந்து நாளிலும்தான். ஒரு வருஷம் பார்த்தும் இல்லையென்றால் இருவருக்கும் சோதனை. பெண்ணுக்கு 35 வயது தாண்டினால் ஆறு மாதமே போதும். பிள்ளையில்லாத் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் நான் மூன்று வருஷம் இழுத்தேன். 'இயற்கை' என்று நான் சொன்னது கொள்கை இல்லை, பயம். சாதிக்கு எதிராக மேடையில் கவிதை படித்தவன் ஒரு சின்ன டப்பாவுக்குப் பயந்தேன். 'மலடி' என்ற சொல்லை அவள் சுமந்தாள்.

1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு வழிசெய்யக் கோரிய தீர்மானத்தைக் கொண்டுவந்தது அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. பெண்ணின் உடம்பு அப்போதே நம் அரசியல். அதை நம் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டோம்.

போன வாரம் விந்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு எதுவானாலும் இனிக் காத்திருப்பதா, வைத்தியமா, இரண்டும் வேண்டாமா என்பதை இருவரும் உட்கார்ந்து பேசுவோம்.

தோழர்களே, தோட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள்.