ஒரே பேர்... ரெண்டு பூ!

பக்கத்து ஸீட் நண்பருக்கு வர்ற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் படலம். ஒரு வாரம் முன்னாடியே முகத்தில் ஏதோ மஞ்சளாக அப்பிய அடையாளத்தோடு ஆபீஸ் வர ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார் விசேஷம்?"

"மேரிகோல்ட்! க்ரீம் ட்யூப்ல போட்டிருக்கானே, அதே பூ. ட்யூபுக்கு எதுக்கு தண்டம் அழணும்? ஆயுத பூஜை மாலையை அரைச்சுட்டேன்!"

நான் பி.காம். ஒரு ராமசாமிக்கு வைக்க வேண்டிய வரவை இன்னொரு ராமசாமி கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான் இது.

க்ரீமில் இருக்கும் மேரிகோல்ட், காலண்டுலா. மத்தியதரைக்கடல் பக்கத்துப் பூ. மாலையில் தொங்குவது செண்டுமல்லி என்கிற துலுக்க சாமந்தி. பூர்வீகம் மெக்ஸிகோ. இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் தூரத்துச் சொந்தம்!

காலண்டுலாவுக்கு நல்ல பேர் சும்மா வரவில்லை. 2004-ல் வெளியான ஃபிரெஞ்சு ஆய்வு ஒன்று. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 254 பெண்கள். வேறு களிம்பு பூசியவர்களில் 63 சதவீதம் பேருக்குத் தோல் மோசமாகப் புண்பட்டது. காலண்டுலா பூசியவர்களில் 41 சதவீதம்தான். கவனியுங்கள், அவர்கள் பார்த்தது புண்ணை. சிவப்பழகை இல்லை!

செண்டுமல்லி சமாச்சாரமே வேறு. இந்தச் செடி இனத்தில் இருக்கும் ஒரு ரசாயனம் தோலில் பட்டு, மேலே வெயிலும் விழுந்தால் எரிச்சல் கிளம்பும். 2018-ல் ஐரோப்பிய யூனியன், செண்டுமல்லிப் பூவின் சாறும் எண்ணெயும் அழகு சாதனங்களில் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டது. நண்பரோ பெண் வீட்டுக்கு உச்சி வெயிலில் பைக்கில் போகிற ஆசாமி! விஷயத்தைச் சொன்னதும் சோப்பைத் தேடி ஓடினார்.

செண்டுமல்லியை மட்டம் தட்டவில்லை. அதிலிருந்து எடுக்கும் லுட்டீனைக் கோழித் தீவனத்தில் கலந்தால் மஞ்சள் கரு பளிச்சென்று இருக்கும். ஆக, பளபளப்பது முட்டைதான் சார், முகம் இல்லை!

க்ரீம் வாங்கினால் ட்யூபின் பின்பக்கம் 'காலண்டுலா அஃபிஷினாலிஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் துளி தடவி ஒரு நாள் பொறுங்கள். சாமந்தி வகைப் பூக்களே ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் தொடாதீர்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் தோல் டாக்டர்தான்.

மிச்சமான செண்டுமல்லியா? பைக் ஹேண்டில்பாரில் கட்டுங்கள். அதுக்கு அலர்ஜி வராது!