மடியில் தொடங்கும் பாலின் தரம்

பால் என்றதும் தலைநகரில் எழும் முதல் கேள்வி, அதில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான். யூரியா, சலவைத்தூள், மாவு என்று பண்டிகைக் காலந்தோறும் பட்டியல் நீளும். ஆனால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் திரட்டிய 6,432 மாதிரிகளில், உடல்நலத்துக்கு ஊறு செய்யும் கலப்படம் காணப்பட்டவை 12 மட்டுமே. ஆன்டிபயாடிக் மருந்தின் எச்சம் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தவையோ 77. கலப்படத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட இந்த இரண்டாவது எண்ணுக்குக் கிடைக்கவில்லை.

இம்மருந்தைப் பாலில் யாரும் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. மாட்டுக்குச் செலுத்தப்பட்டு, அதன் மடி வழியாகவே அது பாலுக்கு வந்து சேர்கிறது. கறவை மாடுகளுக்கு ஆன்டிபயாடிக் தரப்படுவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று மடிநோய்.

மடி வீங்கிச் சிவந்து, பால் திரிந்து வந்தால் கறப்பவருக்கே நோய் தெரிந்துவிடும். தொல்லை தருவது வெளியில் தெரியாத மடிநோய்தான். மாடு தீனி தின்னும். பாலும் பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும். ஆனால், காம்புத் துளை வழியே நுழைந்த பாக்டீரியாவை எதிர்த்து ரத்த வெள்ளணுக்கள் மடிக்குள் திரண்டிருக்கும். நலமான மடியின் பாலில் மில்லி லிட்டருக்கு 2 லட்சத்துக்கும் குறைவாக இருக்க வேண்டிய செல்களின் எண்ணிக்கை பல மடங்கு உயரும். பால்சர்க்கரையும் கேசின் புரதமும் குறையும், உப்புச்சுவை கூடும். பாலாடைக்கட்டியின் அளவு குறையும். பால் விரைவில் கெடும்.

இதைக் கண்டறிய எளிய வழி ஒன்றை, கலிபோர்னியப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ விஞ்ஞானி ஆஸ்கர் ஷால்ம், நூர்லாண்டர் என்பவருடன் இணைந்து 1957-ல் உலகுக்கு அளித்தார். நான்கு குழிகள் கொண்ட தட்டில், காம்புக்கு ஒரு குழியாகச் சிறிது பாலைக் கறந்து, சம அளவு கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால் போதும். செல்கள் உடைந்து, பால் கூழாகத் திரளும் அளவைக் கொண்டு நோயின் கடுமையை அறியலாம். சலவைத்தூள் கரைசலைக்கொண்டும் ஏறத்தாழ இதே சோதனையைச் செய்யலாம் என்பது பின்னர் தெரியவந்தது. கால்நடை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் இச்சோதனை, பெரும்பாலான கிராமங்களின் தொழுவங்களை இன்னும் எட்டவில்லை.

காரணத்தை விலைப்பட்டியலில்தான் தேட வேண்டும். 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் வெற்றிக்கு, கொழுப்பைக் கண்ணெதிரே அளந்து விலை கொடுத்த முறை பெரிதும் உதவியது. இடைத்தரகர்களின் ஏமாற்றுக்கு அது முடிவு கட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. 1998-ல் உலகின் முதல் பால் உற்பத்தி நாடாக உயர்ந்த இந்தியா, 2023-24-ல் 23.9 கோடி டன்னை எட்டியது. ஆயினும், கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளுமே இன்றளவும் விலைக்கு அடிப்படை. நலமான மடியின் பாலுக்கும், நோயுற்ற மடியின் பாலுக்கும் சங்கத்தில் தனித்தனி விலை இல்லை. போதாக்குறைக்கு, எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் செல் எண்ணிக்கைக்கு 4 லட்சம் என்றும், அமெரிக்கா 7.5 லட்சம் என்றும் வரம்பு வைத்துள்ளன. அந்த வரம்பை அப்படியே இங்கு சட்டமாக்கினால், ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களே முதலில் பாதிக்கப்படும். மருந்து செலுத்திய மாட்டின் பாலைச் சில நாள்கள் விற்கக்கூடாது என்பது விதி. அந்தச் சில நாள்களின் வருமானத்தை இழக்க இயலாதவர் என்ன செய்வார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

மருந்தின் தேவையையே குறைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்த கலவையை மடியில் பூசும் முறையை வகுத்தளித்தார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அதனைப் பல மாநிலங்களுக்கு எடுத்துச் சென்றது. ஆன்டிபயாடிக் எச்சத்தைத் தவிர்க்க இது நல்ல தொடக்கம்; எல்லா வகை மடிநோய்க்கும் இதுவே போதும் என்று கொள்வதற்கில்லை. தவிர, நோய் இருப்பது தெரிந்தால்தானே பூச முடியும்?

மத்திய அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. பால் குளிரூட்டும் நிலையங்களில் செல் எண்ணிக்கையை அளக்கும் கருவிகளுக்கு நிதி ஒதுக்கி, வரம்புக்குள் உள்ள சங்கத்துக்கு லிட்டருக்கு இவ்வளவு என ஊக்கத்தொகை தரலாம். அபராதம் வேண்டாம். ஊக்கத்தொகையை இழக்கும் சங்கமே, எந்த வீட்டு மாட்டுக்கு நோய் என்பதை அந்த நான்கு குழித் தட்டைக்கொண்டு மாதம் ஒருமுறை தேடத் தொடங்கும்.

கறந்து முடித்த பின் சுமார் அரை மணி நேரம் காம்புத் துளை முழுவதும் மூடாதிருக்கும். அதனால், மாடு உடனே சாணத்தில் படுத்துவிடாமல் தீனி போட்டு நிறுத்தி வைக்க வேண்டும் என்கின்றனர் கால்நடை மருத்துவர்கள். இதைத் தவறாமல் செய்யும் பெண்ணின் பாலுக்கும், செய்யாதவரின் பாலுக்கும் சங்கத்தின் சீட்டில் இன்று ஒரே விலைதான் எழுதப்படுகிறது.