நறுக்கிய காய்கறியும் சமையலறை நேரமும்

திருப்பதி, சித்தூர் நகரங்களின் பல்பொருள் அங்காடிகளில் நறுக்கிய பீன்ஸ், உரித்த பூண்டு, துருவிய தேங்காய், இட்லி மாவு ஆகியவை இன்று புதுமை அல்ல. விடியற்காலையில் சமைத்துவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடவேண்டிய ஆசிரியைக்கும் செவிலிக்கும் அவை பெரும் உதவி. ஆயினும் அப்பொட்டலம் வீட்டுக்குள் நுழைந்தவுடன் எழும் முதற்கேள்வி விலையைப் பற்றியதாகவோ தூய்மையைப் பற்றியதாகவோ இருப்பதில்லை. "இதைக்கூடவா நறுக்க முடியவில்லை?" என்பதே அக்கேள்வி. அத்தொடரில் எழுவாய் இல்லை. 'முடியவில்லை' என்னும் வினை ஆணையோ பெண்ணையோ காட்டுவதும் இல்லை. இருந்தும் அது யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதில் அவ்வீட்டில் ஒருவருக்கும் ஐயம் வருவதில்லை.

இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடங்கள். வீட்டுவேலையின் பக்கமே செல்லாத ஆண்கள் இந்த 88இல் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ஆயத்த உணவுகளைப் பற்றிய எந்த விவாதமும் இந்த இடைவெளியிலிருந்து தொடங்கவேண்டும். "கைப்பக்குவம் போய்விட்டது" என்ற புலம்பலிலிருந்து தொடங்கினால் அது ஒருவருடைய கையை மட்டுமே குறிவைத்து முடியும்.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு முரணும் உண்டு. திருமலையில் தரிகொண்ட வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்துக்கு நன்கொடையாளர்கள் அனுப்பும் காய்கறிகளை நறுக்கித் தருவதில் ஸ்ரீவாரி சேவகர்களுக்கும் பங்குண்டு. 2000ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொண்டர் திட்டத்தில் சேர்ந்து பல ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். முன்பின் அறியாதவர் நறுக்கிய காயில் சமைத்த உணவை உண்டு எழுபவர் எவரும், சமைத்தவரே ஏன் நறுக்கவில்லை என்று கேட்பதில்லை. மலைமேல் சேவை எனப்படும் அதே வேலை, அடிவாரத்து வீட்டில் பெண்ணின் கடமையாகிவிடுகிறது. அதைக் காசு கொடுத்து வாங்கினாலோ சோம்பல் என்று பெயர் பெறுகிறது.

இந்தப் பழிச்சொல் புதிதும் அன்று. 1950களில் கோவையில் சபாபதி என்பவர் மின் மாவரைப்பானை உருவாக்கியபோது, ஆட்டுக்கல்லின் சுவை அதில் வராது என்றவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆட்டுக்கல்லைச் சுற்றியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. 2005இல் பெங்களூருவில் முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் இட்லி மாவைப் பொட்டலமாக விற்கத் தொடங்கியபோதும் ஐயங்கள் எழுந்தன. இன்று அரைத்த மாவு விற்காத தெருக்கடை அரிது.

ஆனால் பழிச்சொல் தவறு என்பதாலேயே பொட்டலத்தில் வருவன யாவும் சரியாகிவிடா. இங்கேதான் விவாதம் பெரும்பாலும் குழம்புகிறது. நறுக்கிய பீன்ஸும் உடனடி நூடுல்ஸும் 'ரெடிமேட்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றன. பிரேசில் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் மொன்டைரோவின் குழுவினர் வகுத்த நோவா பகுப்பில் இவை இரண்டும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. நறுக்குதல், உரித்தல், உறையவைத்தல் ஆகியவை உணவின் இயல்பை மாற்றாத குறைந்த பதப்படுத்தல். செயற்கை மணமும் நிறமும் நிலைப்படுத்திகளும் சேர்த்துத் தொழிற்சாலையில் உருவாக்குவது மிகைப் பதப்படுத்தல். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள் குறைக்கச் சொல்வது இந்த இரண்டாம் வகையை.

நறுக்கிய காய்க்கு வேறொரு சிக்கல் உண்டு. தோல் என்பது காயின் காப்பு. கத்தி பட்டவுடன் உள்ளிருக்கும் ஈரமும் சர்க்கரையும் நுண்ணுயிர்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. வைட்டமின் சி காற்றுப்பட்டுக் குறையத் தொடங்குகிறது. நறுக்கியபின் கழுவினால் நீரில் கரையும் சத்துகளும் வெளியேறும். ஆகவே கழுவி நறுக்கிய காய், ஆலையிலிருந்து அடுப்பு வரை ஏறத்தாழ 5 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் இவை. வண்டியில் ஒரு மணிநேரமும் கடைவாசலில் அரை மணிநேரமும் வெயிலில் கிடந்த பொட்டலம், பின்பு குளிர்பெட்டியில் எவ்வளவு பளபளப்பாகத் தெரிந்தாலும் பயனில்லை. உறையில் தேதி இருக்கும்; அது கடந்துவந்த வெப்பம் இருக்காது.

எனவே எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கவேண்டியதில்லை. இட்லி மாவு புளிக்கும்போது உருவாகும் அமிலமே அதற்கு ஓரளவு காவல். சேதமற்ற உறித்த பூண்டு குளிரில் சில நாள் தாங்கும். பறித்தவுடன் வெந்நீரில் அமிழ்த்தி உறையவைத்த பட்டாணி, சந்தையில் மூன்று நாள் வாடிய பட்டாணியைவிடச் சத்தில் குறைந்ததன்று. அதை வாங்குவதில் குற்றவுணர்வு கொள்ளக் காரணமே இல்லை. நறுக்கிய பழமும் பச்சையாக உண்ணும் சாலட் கலவையும் ஐயத்துக்குரியவை. வேகவைக்கும் வெப்பம் என்ற இரண்டாவது காவல் அவற்றுக்கு இல்லை.

விலையிலும் ஒரு கணக்கு உண்டு. நறுக்கிய காய்க்குக் கூடுதலாகத் தரும் தொகை எங்கே போகிறது? சித்தூர் மாவட்டம் ஆயத்த உணவுத் தொழிலுக்கு அந்நியமன்று. கிளிமூக்கு மாம்பழம் என்று தமிழர் அழைக்கும் தோதாபுரியை இங்குள்ள ஆலைகள் கூழாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. உலகின் பல வீடுகளில் மாம்பழத்தைச் சீவும் வேலையை இம்மாவட்டம் செய்து முடித்துவிடுகிறது எனலாம். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதில் ஆலைகள் 8 ரூபாய் தரவேண்டும். எஞ்சிய 4 ரூபாய் அரசின் மானியம். ஆலை வாசல்களில் மாம்பழ வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. வாங்குபவருக்கு மிச்சமாகும் நேரத்தின் விலை, விளைவித்தவரிடமோ ஆலையில் தோல்சீவும் கூலிப் பெண்ணிடமோ தானாகப் போய்ச் சேர்வதில்லை. ஆயத்த உணவின் மீது வைக்கக்கூடிய வலுவான குற்றச்சாட்டு இதுவே. சமையலறைப் பெண்ணைக் கேள்வி கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை.

கீரையை மட்டும் கட்டாகவே வாங்குவது நல்லது. தமிழில் கீரையை நறுக்குமுன் ஆய்வார்கள். ஆய்வு என்ற சொல்லும் அதே வினையிலிருந்து பிறந்ததுதான். பூச்சி அரித்த இலையையும் கூடவந்த களையையும் கண் பார்த்துக் கை நீக்கும் வேலை அது. பொட்டலத்துக் கீரையில் அது நடந்ததா என்று அறிய வழியில்லை. இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் ஆண்மகனிடம் ஒரு முறத்தோடு அக்கட்டைக் கொடுத்தால், தொடரின் ஒரு பகுதி முடிவதற்குள் ஆய்ந்து முடித்துவிடலாம்.