கிளட்ச்சுக்கு ஆண் கால் தெரியுமா?

“பொம்பளைங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி.” ஆத்தூரில் கார் பழக விரும்பும் பெண்ணுக்கு வீட்டார் நடத்தும் முதல் பாடம் இது. அக்கறைபோலத்தான் தோன்றும். ஆனால் வாசலில் நிற்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக்கை இனிமேல்தான் வாங்க வேண்டும், விலையும் கூடுதல். அதுவரை சாவி கணவரின் சட்டைப்பையில்.

இருசக்கர வாகனத்துக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று உரிமத்தில் இரு வகை. காரில் இரண்டுக்கும் ஒரே உரிமம். சட்டம் போடாத கோட்டை வீடு போடுகிறது.

கிளட்ச்சை மெல்ல விட்டால் வண்டி நகரும். வெடுக்கென்று விட்டால் நின்றுபோகும். யார் காலுக்கும் இதுதான் விதி. தையல் எந்திரம் மிதித்தே குடும்பங்களைக் காப்பாற்றிய கால்களுக்கு மிதியின் பக்குவம் தெரியாதா? 1993இல் தமிழக அரசுப் பேருந்தின் முதல் பெண் ஓட்டுநராகப் பணியேற்ற வசந்தகுமாரி குமரி மாவட்டத்தில் ஓட்டியது கியர் வண்டிதானே?

ஆட்டோமேட்டிக் மட்டமானதல்ல. நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு. முழங்கால் வலிக்கு ஆறுதல். வேண்டுமென்றால் நாமே தேர்ந்துகொள்வோம், நமக்காக யாரும் தேர வேண்டாம். அதற்குமுன் வாசலில் நிற்கும் வண்டியைப் பழகுங்கள், தோழியரே. நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரையவும், காரணமே இல்லாமல் 70 கொண்டை ஊசி வளைவு கடந்து கொல்லிமலை ஏறவும் இப்போது இருப்பது அந்த வண்டிதான்.