‘வயதாகிவிட்டது’ என்னும் சொல்

‘வயசாயிடுச்சு சார், அதான் படுத்தே கெடக்குது.’ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் பேசினால் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்க நேர்கிறது. முதுமை ஒரு நோயல்ல. அப்படிப் படுத்துவிட்ட நாய்களில் பலவற்றுக்கு இருப்பது கீல்வாதம். அவற்றைப் படுக்கவைத்திருப்பது வலி. நோயின் பெயரையே உச்சரிக்காமல் வழக்கை முடித்துவைத்துவிடுகிறது இந்த வாக்கியம். என் ஆதங்கம் அதைப் பற்றியதுதான்.

வலி என்றதும் நம் மொழி ‘அலறினான்’, ‘துடித்தான்’ என்றே போகிறது. நாள்பட்ட வலி அலறுவதில்லை. லாரியில் அடிபட்ட நாய் ஊரைக் கூட்டும். மூட்டுத் தேய்ந்த நாய் ஓசையின்றித் தன் உலகத்தைச் சுருக்கிக்கொள்ளும். முதலில் மாடிப்படியை விடும். பிறகு வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவதை. பிறகு வாலாட்டுவதற்காக எழுந்து நிற்பதை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரையறையை 2020இல் திருத்தியபோது, சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் பல நடத்தைகளுள் ஒன்று மட்டுமே என்றும், சொல்ல இயலாமையால் மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லையென்று ஆகிவிடாது என்றும் குறிப்பெழுதியது. சொற்களையே நம்பி வாழும் நம்மைப் போன்றவர்கள் ஒருமுறை நிதானித்துப் படிக்கவேண்டிய குறிப்பு அது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? உறங்கி எழுந்ததும் முதல் பத்தடி விறைத்த நடை, நடக்க நடக்கச் சற்றே இளகுவது. ஓடும்போது இரு பின்னங்கால்களையும் சேர்த்தே ஊன்றுவது. தொடைச் சதை வற்றுவது. ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது. இடுப்பில் கைபட்டதும், இதுவரை கடிக்காத நாய் உறுமுவது. (இதற்கும் ‘வயதானதால் வந்த சிடுசிடுப்பு’ என்று பெயர் வைத்துவிடுகிறோம்.)

இவற்றையெல்லாம் மருத்துவர் தம் மேசையில் பார்க்க முடியாது. புதிய இடமும் அச்சமும் நொண்டலை மறைத்துவிடும். சாட்சி சொல்லவேண்டியவர் உடன் வாழ்பவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட வினாப்பட்டியல் ஒன்று அந்தச் சாட்சியத்துக்கு ஒழுங்கு தருகிறது. கடந்த 7 நாட்களில் வலி அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு. எழுவதை, நடப்பதை, ஓடுவதை, ஏறுவதை அது எவ்வளவு தடுத்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். வாழ்வை அனுபவிப்பதை வலி எவ்வளவு குலைத்தது என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு. நாயைப் பற்றி நாம் கேட்க மறந்த கேள்வி.

ஆனால் அன்பு நல்ல சாட்சி அல்ல. மருந்தில்லா வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட நாய்களின் நடையில் கருவி எந்த மாற்றத்தையும் காட்டாதபோதும் நாய் தேறிவருகிறது என்று வளர்ப்பவர்கள் சொன்னதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கால்நடை மருத்துவர்களும் அதே மயக்கத்துக்கு ஆளாகியிருந்தார்கள். எனவே ‘பரவாயில்லை’ என்ற பொதுச்சொல்லை நம்பாமல், இரண்டு மூன்று குறிப்பிட்ட செயல்களை வாராவாரம் நோட்டில் எழுதிவைப்பதும், வீட்டிலேயே அது நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுவதுமே உகந்தவை என்பது என் கருத்து.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010இலும் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு இந்தப் பகுதியின் வீடுகள் மாறின. வழுக்கும் டைல்ஸ் தரையில் மூட்டு நோயுள்ள நாய் ஒவ்வொரு முறை எழுவதும் ஒரு போராட்டம். இரண்டு கோணிச் சாக்கு விரித்தாலே பாதிச் சிரமம் குறையும். மிஞ்சிய பிரியாணியும் பிஸ்கட்டும் தின்று பெருத்த லாப்ரடார்களை எல்லாக் குடியிருப்புகளிலும் காண்கிறேன். 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து 2002இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்டவை ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எடையைக் குறைப்பதே முதல் மருந்து. அதற்குச் செலவும் இல்லை.

எனக்குப் பெரும் அச்சம் தருவது வேறொன்று. அசெம்பிளி லைனில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வருகிற தொழிலாளி, மெடிக்கல் ஷாப்பில் தன் முழங்காலுக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை நாய்க்கும் கொடுத்துவிடுகிறார். இரக்கத்தால்தான் கொடுக்கிறார். டைக்ளோஃபினாக்கும் இபுபுரூஃபனும் நாயின் வயிற்றில் புண்ணையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாய்க்கென மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்றவை உள்ளன. அவற்றையும் எடை பார்த்து, ரத்தம் சோதித்து மருத்துவரே தரவேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்கானவை. 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டும். அதைச் சொல்லாமல் தொழிலாளியைக் குறைகூறுவது நியாயமில்லை.

ஆலை வாசல்களில் வளரும் நாய்களுக்கு நோட்டு எழுத யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். இரவுக் காவலர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் ஷிப்டுப் பேருந்து வரும்போது எழுந்து நிற்கும் நாய் எந்த மாதத்திலிருந்து படுத்தபடியே தலையை மட்டும் தூக்குகிறது என்பதை அவர்களைவிடத் துல்லியமாக அறிந்தவர் யாருமில்லை. பதிவேடும் பேனாவும் ஏற்கெனவே அவர்கள் மேசைமேல்தான் கிடக்கின்றன.